பச்சைத் திரையைப் பழிப்பவர்களுக்கு

கணினி வரலாறு எழுதுகிறவர்கள் 1970களின் கடைசியையும் 1980களையும் ஒரு விடுதலைப் போராகவே எழுதி வருகிறார்கள். குளிரூட்டிய அறைக்குள் பூட்டி வைக்கப்பட்ட மெயின்பிரேம் அதில் கொடுங்கோலன். ஆப்பிள் 2, கமடோர் 64, ஐபிஎம் பிசி என்று வீட்டு மேஜைக்கு வந்த சிறிய கணினிகள் அந்தக் கொடுங்கோலனை வீழ்த்திய படை. இந்தக் கதையில் டெர்மினல் எமுலேட்டருக்குப் பெரும்பாலும் இடமே கிடையாது. போனால் போகிறது என்று குறிப்பிடுகிறவர்களும் ஓர் அவமானமாகவே அதைக் குறிப்பிடுகிறார்கள்: சொந்தமாகக் கணக்குப் போடத் தெரிந்த ஒரு கணினியை, எதுவும் தெரியாத டெர்மினல் போல நடிக்க வைத்த மென்பொருள், பழைய எசமானைவிட்டு விலக மனமில்லாதவர்களின் தற்காலிக ஏற்பாடு.

இதே எண்ணத்தைச் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும் தினமும் கேட்கலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனோ பெண்ணோ ‘என்னை மெயின்பிரேம்ல போட்டுட்டாங்க’ என்று சொல்லும்போது, தண்டனை கிடைத்த குரல் அது. கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து, மவுஸுக்கு வேலையில்லை, எஃப்3 அழுத்தினால் வெளியே வரலாம். நண்பனின் திரையில் வண்ணப் படங்கள் ஓடும்போது தன் திரை மட்டும் தாத்தா காலத்தில் நிற்பதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. மேலாளர்களும் அதையே வேறு பாஷையில் சொல்கிறார்கள்: ‘இதை முதலில் மாற்ற வேண்டும்.’

இந்தத் திரைகளோடு உழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த எண்ணம் வரலாற்றிலும் தவறு, பொறியியலிலும் தவறு. இதை நம்பி எடுக்கப்படும் முடிவுகளால் பணமும் உழைப்பும் வீணாகின்றன.

‘நடிக்க வைத்த மென்பொருள்’ என்று சொல்கிறவர்கள் அந்த நடிப்பு எத்தனை கடினம் என்று பார்த்ததில்லை. 1971இல் ஐபிஎம் வெளியிட்ட 3270 வகை டெர்மினலை எடுத்துக்கொள்வோம். திரையில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. மொத்தம் 1,920 இடங்கள். நாம் ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் அது மெயின்பிரேமுக்குப் போகாது. மெயின்பிரேம் ஒரு படிவத்தை அனுப்பும். எந்தக் கட்டத்தில் எழுதலாம், எதைத் தொடக்கூடாது, எதில் எண்கள் மட்டும் என்ற விதிகளும் அந்தப் படிவத்தோடே வரும். நாம் நிரப்புவதும் திருத்துவதும் அழிப்பதும் நம் பக்கத்திலேயே நடக்கும். என்டர் அல்லது ஒரு பிஎஃப் விசையை அழுத்திய பிறகுதான் செய்தி கிளம்பும்; அதிலும் நாம் மாற்றிய கட்டங்கள் மட்டும். ஒரே மெயின்பிரேம் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஈடுகொடுத்தது இதனால்தான். ஒவ்வொரு விசைத் தட்டலுக்கும் அது எழுந்து வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக் கணினி இதற்கு நேர் எதிரான உலகில் பிறந்தது. அதற்குத் தெரிந்தது ஆஸ்கி எழுத்துக் குறியீடு. ஐபிஎம் மெயின்பிரேமுக்கு எப்சிடிக். வீட்டுக் கணினி எழுத்தெழுத்தாக அனுப்பும். மெயின்பிரேம் படிவம் படிவமாகக் கேட்கும். 3270க்குக் கோஆக்சியல் கேபிள் வேண்டும். வீட்டில் இருந்தது தொலைபேசிக் கம்பியும் நொடிக்கு 300 பிட் வேகத்தில் ஓடும் மோடமும். அந்த வேகத்தில் நொடிக்கு 30 எழுத்து வரும். முழுத் திரையும் நிறைய 64 நொடி ஆகும். கமடோர் 64இன் திரையிலோ வரிக்கு 40 எழுத்துதான். 320 புள்ளி அகலத்தில் 80 எழுத்தை அடைக்க வேண்டுமானால் ஓர் எழுத்துக்கு நான்கு புள்ளி. அந்த நான்கு புள்ளிக்குள் ‘எம்’மையும் ‘டபிள்யூ’வையும் வேறுபடுத்திக் காட்டிய மென்பொருள்கள் அன்று இருந்தன.

எழுத்துக் குறியீடு, பேச்சு முறை, கம்பி என மூன்றிலும் ஒட்டாத இரண்டு இயந்திரங்கள் பேசத் தொடங்கியதற்குக் காரணம் பல பேருடைய பொறுமையான வேலை. யேல் பல்கலைக்கழகத்தில் ஐபிஎம் சீரீஸ்/1 என்ற சிறிய கணினியை நடுவில் நிறுத்தி, ஆஸ்கி டெர்மினல்களை 3270 போலக் காட்டும் மென்பொருளை எழுதினார்கள். பின்னர் ஐபிஎம்மே அந்த வேலைக்கென்று 7171 என்ற கருவியை விற்றது. இந்த ஏற்பாட்டில் மெயின்பிரேம், தன்னோடு பேசுவது ஒரு 3270 என்று நம்பியது. நடுவில் இருந்த கருவி, தனக்கு அந்தப் பக்கம் இருப்பது விடி-100 போன்ற ஒரு டெர்மினல் என்று நம்பியது. உண்மையில் அங்கே இருந்தது யாரோ ஒரு மாணவரின் அறையில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்த வீட்டுக் கணினி. மெயின்பிரேமில் ஒரு வரி நிரலைக்கூட மாற்றாமல் இதைச் சாதித்தார்கள். இதைத் தற்காலிக ஏற்பாடு என்று ஒதுக்குகிறவர்கள், இணையம் எதன்மேல் கட்டப்பட்டது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்து இயந்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பது மறுபக்கத்துக்குத் தெரிய வேண்டியதில்லை, வெளியே ஒப்புக்கொண்ட பேச்சு மட்டும் பிசகாமல் நடந்தால் போதும் என்ற கொள்கை இரண்டுக்கும் பொதுவானது.

கெர்மிட் என்ற மென்பொருளைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. 1981இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டா குரூஸும் பில் கேச்சிங்ஸும் அதை உருவாக்கினார்கள். மாணவர்களுக்குப் பொதுக் கணினியில் கிடைத்த வட்டு இடம் மிகக் குறைவு. தங்கள் கோப்புகளை ஃபிளாப்பியில் எடுத்து வைத்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அங்கே டெக்-20 கணினிகளும் இருந்தன, ஐபிஎம் மெயின்பிரேமும் இருந்தது, புதிதாக வந்த மைக்ரோ கணினிகளும் இருந்தன. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பாதை, டெர்மினலை இணைக்கும் அந்தத் தொடர் கம்பிதான். எனவே டெர்மினல் எமுலேட்டரும் கோப்பு அனுப்பும் புரோட்டோகாலும் ஒரே மென்பொருளில் ஒன்றாக வளர்ந்தன.

அந்தக் கம்பி கோப்புகளுக்காகப் போடப்பட்டதல்ல. எட்டாவது பிட்டைப் பல இடங்களில் பாரிட்டி என்ற பிழைச் சோதனை எடுத்துக்கொண்டது. கட்டுப்பாட்டு எழுத்துகள் வழியிலேயே விழுங்கப்பட்டன, அல்லது கட்டளைகளாக எடுத்துக்கொள்ளப்பட்டன. 1977இல் வார்ட் கிறிஸ்டென்சன் எழுதிய எக்ஸ்மோடம் வீட்டுக் கணினிகளுக்கு இடையே அருமையாக ஓடியது; அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது 128 பைட் கொண்ட பிளாக்குகளை அப்படியே எட்டு பிட்டாக அனுப்பும். பிளாக்கின் எண்ணையும் ஒரு வெறும் பைட்டாகவே வைக்கும். ஆஸ்கியில் 19 என்பது ‘அனுப்புவதை நிறுத்து’ என்ற கட்டுப்பாட்டு எழுத்து. அதை மதிக்கும் ஒரு கம்பியில் 19ஆம் பிளாக் வரும்போது அந்த எண்ணே இணைப்பை நிறுத்திவிடும்.

கெர்மிட் இதற்கு இடமே கொடுக்கவில்லை. பாக்கெட்டின் தொடக்கக் குறியையும் முடிவுக் குறியையும் தவிர மற்ற எல்லாமே அச்சாகும் எழுத்துகள். நீளத்தை எழுத வேண்டுமா? அதோடு 32ஐக் கூட்டி ஓர் எழுத்தாக்கு. அச்சாகும் கடைசி எழுத்தின் எண் 126 என்பதால் பாக்கெட்டின் நீளம் 94ஐத் தாண்டாது. பாக்கெட்டின் எண்ணுக்கும் சரிபார்ப்புத் தொகைக்கும் அதே முறை. கோப்பில் கட்டுப்பாட்டு எழுத்து இருந்தால் முன்னால் ஒரு # குறியை வைத்து, அச்சாகும் எழுத்தாக மாற்றி அனுப்பும். எட்டாவது பிட் போகாத பாதையானால் & குறி அந்த வேலையைச் செய்யும். ஐபிஎம் மெயின்பிரேம் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே பேசும் முறையில் இருந்ததால், ‘இப்போது நீ பேசலாம்’ என்ற அதன் சைகைக்காகக் காத்திருக்கவும் கெர்மிட்டுக்குத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்தது அதன் முதல் பாக்கெட். தன்னால் என்னென்ன முடியும் என்று ஒவ்வொரு பக்கமும் அதில் சொல்லிவிடும். இருவராலும் முடிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தொடங்கும். புரியாத விவரத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பல ஆண்டுகள் கழித்து வந்த கெர்மிட் பதிப்பும் தொடக்க காலப் பதிப்போடு பேச முடிந்ததற்கு இதுவே காரணம்.

‘கெர்மிட் ஆமை வேகம்’ என்ற பழியைக் கேட்காத மோடம் காலத்தவர் கிடையாது. தொடக்கப் பதிப்புகள் ஒரு சிறிய பாக்கெட்டை அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பின, மெதுவாகத்தான் இருந்தன. ஆனால் சில ஆண்டுகளிலேயே 9,024 எழுத்து வரை நீளும் பாக்கெட்டும், பதிலுக்குக் காத்திருக்காமல் பல பாக்கெட்டுகளைத் தொடர்ந்து அனுப்பும் முறையும் அதற்கு வந்துவிட்டன. பலருடைய பதிப்புகளில் அவை இருக்கவில்லை. இருந்தவர்களும் அமைப்பை மாற்றவில்லை. எப்படிப்பட்ட மோசமான பாதையிலும் கோப்பு பத்திரமாகப் போய்ச் சேரும்படி எழுதியவர்கள் தொடக்க அமைப்பை வைத்திருந்தார்கள். நல்ல கம்பி இருந்தவர்கள் அதைத் திருத்திக்கொண்டிருக்கலாம். 1986இல் சக் ஃபோர்ஸ்பெர்க் கொண்டுவந்த இசட்மோடம் வேகமானது, சந்தேகமில்லை. அதே காலத்தில் ஐபிஎம் மெயின்பிரேமிலிருந்து ஏழு பிட் பாதை வழியே வீட்டுக்குக் கோப்பை எடுத்தவர்களிடம் கேட்டால், எதை நம்பினார்கள் என்று சொல்வார்கள்.

அறிவுள்ள கணினியை அறிவில்லாததாக ஆக்கியது என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். எம்எஸ்-டாஸ் கெர்மிட்டில் ‘கனெக்ட்’ என்று தட்டினால் உங்கள் கணினி டெர்மினலாகும். கன்ட்ரோலோடு வலது சதுர அடைப்பை அழுத்தி ஒரு ‘சி’ தட்டினால், இணைப்பு அறுபடாமலேயே அது மறுபடி உங்கள் சொந்தக் கணினி. அங்கிருந்து ஒரு கோப்பை அனுப்பலாம், வாங்கலாம், உங்கள் வட்டைப் பார்க்கலாம், திரும்பவும் கனெக்ட் ஆகலாம். எந்த டம்ப் டெர்மினலுக்கு இது முடிந்தது? திரையில் ஓடிய எழுத்துகளை ஃபிளாப்பியில் சேமித்து வைக்க எந்த டெர்மினலுக்குத் தெரிந்தது? அலுவலகத்து பிசிகளில் ஓடிய 3270 எமுலேட்டர்கள் இன்னும் தூரம் போயின. அசல் 3270, மெயின்பிரேம் யோசிக்கும் நேரத்தில் கீபோர்டைப் பூட்டிவிடும். எமுலேட்டர்களோ அந்த நேரத்தில் தட்டியதை வைத்திருந்து பிறகு அனுப்பக் கற்றன. திரையில் இருப்பதைப் பிசியில் ஓடும் இன்னொரு நிரல் படிக்கவும் நிரப்பவும் வசதி வந்தது. இன்று ரோபாட்டிக் ஆட்டோமேஷன் என்று விலைபேசி விற்கப்படுவதில் ஒரு பங்கு இந்தப் பழைய வசதிதான். நடித்த கணினி தன் அறிவில் எதையும் இழக்கவில்லை.

இழக்காததோடு, வீட்டில் இருந்தவருக்கு இல்லாத ஓர் உலகமும் கிடைத்தது. 64 கிலோபைட் நினைவகம் உள்ள கணினியில் பெரிய புள்ளியியல் கணக்கை ஓட்ட முடியாது. நூலகப் பட்டியல் அதில் இல்லை. அதிலிருந்து நேராக யாருக்கும் கடிதம் போகாது. 1981இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்துக்கும் யேலுக்கும் இடையே தொடங்கிய பிட்நெட், ஐபிஎம் மெயின்பிரேம்களைக் கோத்துப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. எமுலேட்டரும் மோடமும் உள்ள மாணவர் இரவில் தன் அறையிலிருந்தே அதில் கடிதம் எழுதினார். விடுதலைப் போர் கதையில் இந்த மாணவர் எந்தப் பக்கம்? அவர் யாரையும் வீழ்த்தவில்லை. பெரிய கணினியின் பலமும் சொந்தக் கணினியின் சுதந்திரமும் இரண்டுமே அவருக்கு வேண்டியிருந்தன, இரண்டையும் எடுத்துக்கொண்டார். இன்று கிளவுட் என்ற பெயரில் நாம் எல்லோரும் செய்வதும் அதைத்தான்.

பச்சைத் திரையைக் கேலி செய்யும் இளம் பொறியாளர் ஒரு நாளில் பாதி நேரம் எதன் முன் உட்கார்ந்திருக்கிறார்? கறுப்புச் சன்னல் ஒன்றைத் திறந்து, எங்கோ இருக்கும் சர்வரில் எஸ்எஸ்ஹெச் வழியே நுழைந்து, கட்டளைகளைத் தட்டிக்கொண்டிருக்கிறார். அந்தச் சன்னலின் பெயரே டெர்மினல். டெக் நிறுவனம் 1978இல் விற்பனைக்குக் கொண்டுவந்த விடி-100 புரிந்துகொண்ட அதே வகைக் கட்டளைகளால்தான் அந்தச் சன்னலில் இன்றும் கர்சர் நகர்கிறது, வரி அழிகிறது. மைக்ரோசாஃப்ட் 2019இல் விண்டோஸ் டெர்மினல் என்ற புதிய மென்பொருளை அறிவித்தபோது இளைஞர்கள் கொண்டாடினார்கள். அவர்கள் கொண்டாடியது ஒரு டெர்மினல் எமுலேட்டரை. உலாவியில் ஒரு படிவத்தை நிரப்பிச் ‘சமர்ப்பி’யை அழுத்துகிறோமே, அதன் வேலைமுறையும் 3270 படிவத்தின் வேலைமுறைதான்: நம் பக்கத்தில் நிரப்பு, ஒரே தடவையில் அனுப்பு, அடுத்த திரைக்குக் காத்திரு. இரண்டு திரைகளுக்கு நடுவே பயனரை நினைவில் சுமக்காமல் விட்டுவிடும் முறையை மெயின்பிரேமில் சிஐசிஎஸ் என்ற மென்பொருளுக்கு எழுதிய நிரலாளர்கள் வலைத்தளங்களுக்கு வெகு காலம் முன்பே கைக்கொண்டிருந்தார்கள். பழையது என்று எதைச் சொல்கிறார்களோ, அதன் மேல்தான் அவர்கள் நிற்கிறார்கள்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. புதியவருக்கு எந்த விசை எதற்கென்று திரை போதிய அளவு சொல்வதில்லை, பழக நாளாகும். டெல்நெட் மேல் ஓடிய பழைய இணைப்புகளில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் போனது, பெரிய ஓட்டை; குறியாக்கம் செய்த இணைப்பை இன்று கட்டாயமாக்க வேண்டும். எழுத்து இருக்கும் இடத்தை எண்ணித் திரையைப் படிக்கும் நிரல், திரை ஒரு வரி தள்ளினாலே உடைந்துவிடும். அதன் மேல் பெரிய அமைப்பைக் கட்டுவது தவறு. இவை திருத்த வேண்டிய குறைகள். திரையையே தூக்கி எறிவதற்குக் காரணங்கள் அல்ல.

பழகுவதற்கு நாளாகும் என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை படிவம் நிரப்பும் வாடிக்கையாளருக்குப் படங்களும் விளக்கமும் தேவைதான். நாள் முழுக்க ஒரே வேலையை நூறு முறை செய்கிறவருக்குத் தேவையானது வேறு. ரயில் முன்பதிவுக் கவுண்டரில் பழைய எழுத்துத் திரையில் தேறிய ஊழியரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண் நம் படிவத்தின் மேல், கை கீபோர்டின் மேல். ரயில் எண், தேதி, வகுப்பு, பெயர், வயது எல்லாம் ஒரே ஓட்டத்தில் போய்விடும். அவர் திரையைத் தேடுவதில்லை. அடுத்த கட்டம் எங்கே என்று விரலுக்குத் தெரியும். அவரிடம் மவுஸைக் கொடுத்து, கீழே இறங்கும் பட்டியலில் தேடச் சொல்லி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பக்கம் ஏறும்வரை காத்திருக்கச் சொன்னால், வரிசையில் நிற்கும் நமக்குத்தான் நஷ்டம். வங்கியிலும் காப்பீட்டு அலுவலகத்திலும் கிடங்கிலும் இதே கதை. பல வருடப் பழக்கத்தில் சேர்ந்த அந்தத் திறமையை ஒரு திட்ட அறிக்கையின் ஒரு வரியில் அழித்துவிடுகிறார்கள். அந்த ஊழியரை ஒரு வார்த்தை கேட்பதுகூட இல்லை.

பழியும் எப்போதும் தவறான இடத்தில் விழுகிறது. 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தவர்கள் நிவாரணத்துக்காக மொய்த்தபோது, நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி கோபால் என்ற பழைய நிரல்மொழி தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். உலகம் முழுக்கச் செய்தி ஒரே மாதிரி வந்தது: பழைய மெயின்பிரேம் கைவிட்டுவிட்டது. கணினி வரலாற்றாசிரியர் மார் ஹிக்ஸ் அதே ஆண்டு எழுதிய கட்டுரையில், தடுமாறியது மக்கள் விண்ணப்பிக்கும் வலைத்தளப் பகுதி, அது ஜாவாவில் எழுதப்பட்டது, பின்னால் இருந்த கோபால் அமைப்பு அல்ல என்று எடுத்துக்காட்டினார். முதல் செய்தி பரவிய அளவுக்கு இந்தத் திருத்தம் பரவவில்லை. எழுத்துத் திரை என்றாலே உடையப்போவது என்ற முன்முடிவு அவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்கிறது.

இத்தனையும் யாரோ ஒரு நிறுவனத்தின் ரகசியச் சொத்தாக இருந்திருந்தால் இவ்வளவு வாதாடியிருக்க மாட்டேன். கெர்மிட் புரோட்டோகாலை அதை உருவாக்கியவர்கள் 1984இல் பைட் இதழில் விளக்கி எழுதினார்கள். மூல நிரலை நாடாவில் பதிந்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். ஊர் ஊராகப் பல்கலைக்கழகக்காரர்கள் அதைத் தங்கள் இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றி, மாற்றியதைத் திருப்பி அனுப்பினார்கள். கொலம்பியா 2011இல் அந்தத் திட்டத்தை நிறுத்தியபோது நிரல் திறந்த மூல உரிமத்தில் வெளியே வந்தது. 3270 பேச்சை இணையத்தில் கொண்டுசெல்லும் முறை 1998இல் ஆர்எஃப்சி 2355 என்ற ஆவணமாக எல்லோரும் படிக்கும்படி வெளியானது. எக்ஸ்3270 எமுலேட்டரை இன்று யாரும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம்.

நம் பொறியியல் கல்லூரிகளில் கணினி வலையமைப்புப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கெர்மிட் பாக்கெட்டை ஒரு வாரம் மாணவர்களிடம் கொடுங்கள். அனுப்புகிற பக்கத்தையும் வாங்குகிற பக்கத்தையும் அவர்களே எழுதட்டும். நடுவில் எட்டாவது பிட்டைத் தின்னும் ஒரு பாதையை வையுங்கள். திரைகளை மாற்றக் கையெழுத்திடும் மேலாளர்களுக்கும் ஒன்று: கையெழுத்துக்கு முன் ஒரு முழு வேலைநாள், அந்தத் திரையில் வேலை செய்கிறவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். அவர் எத்தனை முறை காத்திருக்கிறார் என்று எண்ணுங்கள். புதிய மென்பொருளை விற்க வருகிறவரிடம் அதே வேலையை அதே நேரத்துக்குள் உங்கள் கண் முன் செய்து காட்டச் சொல்லுங்கள்.